கதவு எண் 17/1, சுவரலமாரி

சிரட்டைப் பொருள் வளர்ச்சிக் கழகத்தில் அருமைநாயகம் எழுத்தராகச் சேர்ந்தபோது, அந்தக் கழகம் தேங்காய்ச் சிரட்டையில் ஒரு கரண்டிகூடச் செய்யாமல் ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனால் திருவனந்தபுரத்தில், கரமனைக்கு அப்பால், கழகத்துக்கு முப்பத்தாறு குடியிருப்பு வீடுகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளக் குடியிருப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் நாற்பத்தொரு பேர். வீட்டுக்கு ஒருவர் போக மிச்சமிருந்த ஐந்து பேர் மற்ற முப்பத்தாறு பேரையும் கண்காணித்தார்கள்.

பிரிவிடம் பச்சை அட்டை போட்ட ஒரு விதிப்புத்தகம் இருந்தது. ஒற்றை அறை வீடு எழுத்தர்களுக்கு, இரட்டை அறை வீடு கண்காணிப்பாளர்களுக்கு, மூன்று அறை வீடு அதிகாரிகளுக்கு என்று அது சொன்னது. முன்னறையும் சமையலறையும் அறைக் கணக்கில் வராது. காவலாளிகளுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும் சமையலறை இல்லாத ஒற்றை அறை. இந்தக் கடைசி வகையில் இதுவரை ஒரு வீடும் கட்டப்படவில்லை. ஆனால் அதற்கான காத்திருப்போர் பட்டியல் வருடாவருடம் தவறாமல் புதுப்பிக்கப்பட்டது.

1998 ஜூன் மாதம் பதினேழாம் எண் வீடு அருமைநாயகத்துக்குக் கிடைத்தது. அது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாறசாலையில் அவனுடைய குடும்பவீட்டில் இரண்டு அறைகள், பதினொரு பேர். ஆண்கள் முன்னறையில், பெண்கள் உள்ளறையில். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் உள்ளறையைக் காலிசெய்து கொடுத்தார்கள். எட்டாம் நாள் சித்தப்பா குடும்பம் வந்து இறங்கியது. பிறகு அது போகவில்லை. அதன்பின் இரண்டு வருடம் நான்கு மாதம், அவனும் லீலாபாயும் தனியாகப் பேசிக்கொண்டதெல்லாம் ரயில் நிலையத்துக்கு நடக்கும் பதினொரு நிமிடத்தில்தான். காலை பாசஞ்சருக்கு அவள் வழியனுப்ப வருவாள். ரயில் தாமதமாக வரவேண்டும் என்று ஜெபித்த ஒரே பயணி அவன்தான்.

பதினேழாம் எண் வீட்டுக்கு வந்த அன்று, லீலாபாய் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடியும் சாத்தினாள்.

“என்ன லீலா, கதவு சரியா அடையல்லியா?”

“நல்லா அடையுது. அதத்தான் பாக்கேன்.”

அவளுக்கு ஏதாவது செய்து கொடுக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பாறசாலையில் அவளுடைய சேலைகள் யார் யாருடைய பெட்டிகளிலோ பிரிந்து கிடந்தன. ஒரு சேலை உடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேரை எழுப்பவேண்டும். ஆகவே அவன் செல்வமணி ஆசாரியைப் பிடித்து, படுக்கையறையில் ஒரு சுவரலமாரி செய்யச் சொன்னான். ஆறடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழம். பிளைவுட்டில் செய்து இளம்பச்சை மைக்கா ஒட்டியது.

“எட்டுத் திருகாணி, சாரே. அவ்வளவுதான்,” என்றார் செல்வமணி. “சுவரோட ஒட்டிப்போச்சுன்னு ஆளுவ நெனைக்கும். ஒட்டவுல்ல. சாஞ்சு நிக்கிது. நாளைக்கு வேற வீடு மாறினா எட்டையும் கழத்தி எடுத்துட்டுப் போவலாம்.”

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அருமைநாயகம் எழுத்தர். பச்சைப் புத்தகத்தை மதிக்கிறவன். கழகத்தின் சுவரில் எட்டுத் துளை போடுவதை எழுதித் தெரிவிக்காமல் இருப்பது அவனுக்கு உறுத்தியது.

“எழுதாண்டாம் சாரே,” என்றார் ஆசாரி. “நான் இந்த லைன்ல பதினாலு வீட்டுல ஆணி அடிச்சிருக்கேன். ஒருத்தரும் எழுதினதில்ல.”

அவன் எழுதினான். முறையாக, மேல்விலாசமிட்டு, பணிவன்புடன்.

நான்காம் நாள் மேற்பார்வையாளர் விபின் டேப்போடு வந்தான். இருபத்தைந்து வயதுப் பையன், சிரித்த முகம். அலமாரியின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தான். பிறகு கொஞ்சம் யோசித்தான்.

“சேட்டா, இதுக்குள்ள ஒண்ணு ஏறி நில்லுங்க.”

அருமைநாயகம் லீலாபாயின் சேலைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றான்.

“தலை முட்டுதோ?”

“இல்ல.”

“கதவு அடைக்கட்டே?” என்று கேட்டுவிட்டு விபின் அடைத்தான். “உள்ளே எப்பிடி இருக்கு சேட்டா?”

“இருட்டா இருக்கு.”

‘வெளிச்சம் போதாது’ என்று விபின் எழுதினான்.

“மூச்சு விட முடியுதா?”

“முடியுது.”

‘காற்றோட்டம் திருப்திகரம்’ என்று எழுதினான். அதன்பிறகு கையெழுத்துக்காக அருமைநாயகத்தை வெளியே விட்டான். லீலாபாய் டீ கொடுத்தாள். நல்ல பையன், இரண்டு முறுக்கும் தின்றுவிட்டுப் போனான்.

ஒரு வாரம் கழித்துக் கண்காணிப்பாளர் ஓமனா கூப்பிட்டனுப்பினாள். இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் இருப்பவள். மேசையில் பச்சைப் புத்தகம் விரித்து வைத்திருந்தது. அவள் விரல் ஒரு வரியில் இருந்தது: ‘தரை, மேற்கூரை, சுற்றடைப்பு, திறந்து மூடும் கதவு ஆகியவற்றுடன், ஒரு நபர் நிமிர்ந்து நிற்கத்தக்க இடம் அறை எனப்படும்.’

“அருமைநாயகம், உங்க வீட்டுல ரெண்டு ரூம் ஆச்சு, கேட்டோ?”

“மேடம், அது அலமாரி. துணி வைக்குற அலமாரி.”

“அலமாரின்னா நாலு காலு வேணும். பிடிச்சுத் தள்ளினா நகரணும். இது சுவரு அல்லே? பில்ட்-இன் பண்ணிட்டா பின்னே அதை அசைக்கவே முடியாது. எல்லாருக்கும் தெரியும்.”

“எட்டுத் திருகாணிதான் மேடம். கழத்தினா கையோட வந்துரும்.”

“என் நாத்தனாருக்கு வழுதக்காட்டுல பில்ட்-இன் உண்டு. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஒரு இஞ்சு நகர்ந்ததில்லை.”

“யாராவது நகத்திப் பாத்தாவளா மேடம்?”

“எதுக்கு நகர்த்தணும்? அது பில்ட்-இன் அல்லே?”

அருமைநாயகம் விழிப்பதைப் பார்த்த ஓமனாவுக்கு இரக்கம் வந்தது. தன் பொறுப்பில் முடிவெடுப்பது சரியில்லை, நிபுணர் குழுவுக்கு அனுப்புகிறேன் என்றாள்.

பிரிவிலேயே மூன்று பேர் நிபுணர்கள் ஆனார்கள். சுவரலமாரிகளைப் பற்றி ஆழ்ந்து யோசிக்க அலுவலகத்தில் அமைதி போதாது என்று கருதி, அவர்கள் இரண்டு நாள் கல்லாற்றுக்குப் போனார்கள். கல்லாற்றில் சுவரலமாரி இல்லை. ஆறும் டீக்கடைகளும்தான் உண்டு. ஆகவே முன்முடிவு எதுவும் இல்லாமல் ஆராய முடிந்தது என்று அறிக்கையின் முன்னுரையில் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார்கள்.

அறிக்கை பதினெட்டுப் பக்கம். சுவரலமாரி பணக்காரர்களுக்கு உரியது, ஆகவே எழுத்தர் ஒருவர் அதை வைத்திருப்பது அவருடைய ஊதிய நிலைக்கு மீறியது என்றது ஒரு பத்தி. சுவரலமாரி பெரிய அறைகளில் மட்டுமே அமையும், இங்கே அமைந்துவிட்டபடியால் அறை பெரியது என்று ஆகிறது, அளவு நாடாவில் பிழை இருக்கலாம் என்றது இன்னொன்று. முக்கியமான பத்தி பதினான்காம் பக்கத்தில் இருந்தது. ‘சுவரலமாரி அறையின் பரப்பைத் தின்றுவிடும் என்பது யாவரும் அறிந்ததே. தின்னப்பட்ட பரப்பு எங்கே போகிறது? அலமாரிக்குள் போகிறது. அறையின் பரப்பு எங்கே இருக்கிறதோ அதுவே அறை.’

அதற்கடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்தது. பதினேழாம் எண் வீடு இரட்டை அறை வீடாகிவிட்டது. எழுத்தருக்கு அதில் இருக்கத் தகுதியில்லை. முப்பது நாளில் காலிசெய்ய வேண்டும். அலமாரியைக் கழற்றிவிட்டால் போகிறது என்று நினைக்கக்கூடாது என்பதற்காகக் கீழே ஒரு குறிப்பு: ‘அகற்ற முற்பட்டால் அது கழகத்தின் அறையை இடித்த குற்றமாகும்.’

லீலாபாய் உத்தரவை இரண்டு தடவை படித்தாள்.

“பாறசாலைக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

தன் கையாலேயே அவளுடைய கதவைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டதுபோல் அவனுக்கு இருந்தது.

“உங்கள யாரு எழுதச் சொன்னா? ஆசாரி படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா?”

“எட்டு ஓட்ட போட்டமேன்னு…”

“எட்டு ஓட்ட! மனுஷன் தலையில எத்தன ஓட்டன்னு எழுதிக் கேட்டியளா அவியள்ட்ட?”

பிறகு அவளே சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளே பெரிய அதிகாரியைப் பார்க்கப் போகச் சொன்னாள்.

குடியிருப்பு அதிகாரி பகவதிப்பெருமாள் நாகர்கோவில்காரர். ஊர்க்காரன் என்றால் உருகிவிடுவார், விதிப்புத்தகம் குறுக்கே வராதவரை. அவருடைய அறையில் சுவரோடு சுவராக மூன்று அலமாரிகள் இருந்தன. எல்லாவற்றிலும் கோப்புகள்.

“உக்காரும் ஓய். உம்ம பைலப் படிச்சேன். மனசு வேதனப்பட்டுது.”

“சார், இந்தா உங்க ரூம்லயும் சுவரலமாரி இருக்கு. அப்போ இது நாலு ரூமா?”

பகவதிப்பெருமாள் திரும்பிப் பார்த்தார். அவற்றை முதல்முறையாகப் பார்ப்பவர்போல் கொஞ்சநேரம் பார்த்தார்.

“இது ஆபீஸ். ஆபீஸ்ல யாரும் இருக்கதில்ல, வே. சும்மா வந்துட்டுப் போறோம். அதுனால ரூம் கணக்கு வராது.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “நான் முப்பத்தொரு வருஷமா வீடு குடுக்கேன். ஒரு வீட்டுக்குள்ளகூடப் போயிப் பாத்ததில்ல. எதுக்கு? பாத்தா பாசம் வந்துரும். அந்த வீட்டுல கொழந்த அழுவும், அம்மைக்குச் சொவமில்லாம இருக்கும். பின்ன எப்பிடிச் சட்டம் பேச? நம்ம பிரிவோட பலமே அதுதான். ஒண்ணையும் பாக்காம முடிவெடுப்போம்.”

அருமைநாயகம் தலையாட்டினான். வேறு என்ன செய்ய?

“சரி, உம்ம வெஷயம். உமக்கு ஒரு ரூம் கூடுதலா இருக்கு. அந்தக் கூடுதல உம்மட்ட இருந்து எடுத்துட்டா, ஒரு ரூம்தான் மிச்சம். நீரு எங்கயும் போவாண்டாம். சரியா?”

அருமைநாயகம் கைகூப்பினான். ஓடிவந்து லீலாபாயிடம் சொன்னான். அலமாரியைப் பூட்டி முத்திரை வைப்பார்கள்போல, போனால் போகட்டும், வீடு தங்கியது என்று இருவரும் நினைத்தார்கள். சேலைகளை எடுத்து முன்னறைப் பெஞ்சில் அடுக்கினார்கள். அன்று லீலாபாய் மீன்குழம்பு வைத்தாள்.

மறுவாரம் காலையில் வாசலில் ஒரு மனிதர் நின்றார். நாற்பது வயதிருக்கும். கையில் தகரப்பெட்டி, கக்கத்தில் பாய். கூடவே விபின், ஒரு சின்ன எண் பலகையோடு.

“சார், என் பேரு சொரிமுத்து. விழிஞ்ஞம் குடோன்ல வாச்சரு. அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஊரு.” அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். “ஒம்பது வருசமா லிஸ்டுல இருந்தேன். வீடு கெடச்சிருக்கு. பதினேழின் கீழ் ஒண்ணாம் நம்பரு. எதுன்னு காட்டுனா…”

விபின் படுக்கையறைக்குள் போய், அலமாரிக் கதவில் ‘17/1’ என்று பலகையை அடித்தான். சமையலறை இல்லாத ஒற்றை அறை. கழகத்தின் வரலாற்றில் முதல்முறையாக அந்த வகையில் ஒரு வீடு ஒதுக்கப்பட்டிருந்தது.

சொரிமுத்து அலமாரியைத் திறந்து பார்த்தார். மூடினார். கட்டிலைப் பார்த்தார், லீலாபாயைப் பார்த்தார், சட்டென்று வெளியே முற்றத்துக்குப் போய்விட்டார். அருமைநாயகம் பின்னால் போனான்.

“சார், இது கல்யாணமான வீடு. இதுக்குள்ள நான் எப்பிடி?” அவர் தகரப்பெட்டியைத் தரையில் வைத்தார். “வேண்டாம்னு எழுதிக் குடுத்தா லிஸ்டுல கடைசிக்குப் போயிருவேன்னு சொல்லுதாவ. எனக்கு முன்னால எரநூறு பேரு. எம் பொஞ்சாதி மாடம்மாள ஊர்ல விட்டு ஒம்பது வருசம் ஆச்சு, சார். வீடு கெடச்சிட்டுன்னு நேத்துதான் அவளுக்குக் கார்டு போட்டேன்.”

உள்ளே நின்ற லீலாபாய் இதைக் கேட்டாள். ஒன்பது வருடம். அவளுக்கு இரண்டு வருடம் நான்கு மாதம் என்றால் என்னவென்று தெரியும்.

“அண்ணன் வேண்டாம்னு எழுதாண்டாம்,” என்றாள். “அலமாரிதானே. இருக்கட்டும்.”

“தங்கச்சி, நான் சாலை பஜார்ல லாட்ஜ் மாதிரி ஒரு எடத்துலதான் படுத்துக்கிடுவேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது.”

ஆனால் குடியிருப்புப் பிரிவு அப்படி விடுகிற பிரிவு அல்ல. ஒதுக்கப்பட்ட வீட்டில் ஒதுக்கப்பட்டவர் இருக்கிறாரா என்று தினமும் காலை ஆறரை மணிக்குச் சோதனை. ஆகவே சொரிமுத்து சாலை பஜாரிலிருந்து முதல் பஸ் பிடித்து ஆறு மணிக்கு வருவார். செருப்பை வாசலில் விடுவார். தரையைப் பார்த்தபடியே படுக்கையறையைத் தாண்டி அலமாரிக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார். ஆறரைக்கு விபின் வீட்டுக் கதவைத் தட்டுவான். படுக்கையறைக் கதவைத் தட்டுவான். கடைசியில் அலமாரிக் கதவைத் தட்டுவான்.

“சொரிமுத்து உண்டோ?”

“உண்டு.”

கதவு கொஞ்சம் திறக்கும். ஒரு கை வெளியே வந்து கையெழுத்துப் போடும். லீலாபாய் மூன்று டீ கொண்டுவருவாள். ஒன்றை அந்தக் கை வாங்கிக்கொள்ளும்.

“மூச்சு முட்டுதா அண்ணே?” என்று அவள் கேட்பாள்.

“இல்ல தங்கச்சி. வார்னிஷ் வாசம்தான் கொஞ்சம். நல்ல வீடு.”

இப்படி இரண்டு வாரம் ஓடியது. அதற்குள் விபினுடைய தினசரி அறிக்கைகளைப் படித்த ஓமனா ஒன்றைக் கண்டுபிடித்தாள். 17/1க்குப் போகும் வழி 17இன் படுக்கையறை. அப்படியென்றால் அது பொதுவழி. பொதுவழியில் ஒரு கட்டில் கிடக்கிறது. போதாததற்குப் பொதுவழிக்கு ஒருவர் கதவு போட்டுத் தாழ்ப்பாளும் போடுகிறார்.

புதன்கிழமை இரண்டு ஆட்கள் வந்தார்கள். கட்டிலை முன்னறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். படுக்கையறைக் கதவைக் கீலோடு கழற்றி, தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு ரசீதும் கொடுத்தார்கள்: ‘கதவு, மரம், ஒன்று.’

அன்று பழவங்காடியிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்த அருமைநாயகம், வெறும் நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு அம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: “கட்டில் புதுசா வாங்கினதா?”

“இதுக்குப் பாறசாலையே தேவல,” என்றான் அவன். “அங்கயாவது ஸ்டேஷனுக்கு நடக்கலாம்.”

“பேசாம இரியும்,” என்றாள் லீலாபாய். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை மாறிவிடும். “அந்தப் பச்சப் புத்தகத்துல ஒண்ணு எனக்குக் கொண்டு வாரும்.”

மூன்று மத்தியானங்களில் அவள் அதை முழுதாகப் படித்தாள். அச்சடித்த நாளிலிருந்து அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அச்சகத்துக்காரன்கூட அறுபதாம் பக்கத்தை இரண்டு தடவை அச்சடித்துவிட்டு அறுபத்தொன்றை விட்டிருந்தான். அது யாருக்கும் தெரியாது.

அந்த மாதக் கடைசியில் குறைதீர்க்கும் அதாலத் வந்தது. கழகத்தின் கூட்ட அறையில் மேடை, மைக், பூச்சாடி. முதலில் பகவதிப்பெருமாள் பேசினார்.

“குடியிருப்போர் குறையைத் தீர்ப்பதற்காகவே இந்தப் பிரிவு இருக்கிறது. குறை இல்லாவிட்டால் நாற்பத்தொரு பேர் குடும்பம் என்ன ஆவது? ஆகவே நீங்கள் தைரியமாகக் குறை சொல்ல வேண்டும். போன வருடம் ஐம்பத்தேழு குறைகள் வந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் இழக்கவில்லை. ஐம்பத்தேழும் பத்திரமாக இருக்கின்றன.”

கைதட்டினார்கள். அருமைநாயகத்தின் பெயர் வந்தது. அவன் எழுந்தான், தொண்டையைச் செருமினான், எழுதிவைத்த காகிதத்தைத் தேடினான். அதற்குள் லீலாபாய் மைக்குக்குப் பக்கத்தில் போயிருந்தாள்.

“சார், எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. பக்கத்து வீட்டப் பத்தி ஒரு புகாரு உண்டு.”

“பக்கத்து வீடா? எதும்மா?”

“பதினேழின் கீழ் ஒண்ணு.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சொரிமுத்து திடுக்கிட்டார். லீலாபாய் அவரைப் பார்த்து, பொறுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினாள்.

“சார், அந்த வீடு நிக்கிற சுவரு யாருக்குள்ளது?”

“சுவரு பதினேழோட சுவரு. ஒங்களுக்குள்ளது,” என்றார் பகவதிப்பெருமாள்.

“அப்போ அவரு வீடு எங்க சுவருல சாஞ்சு நிக்கிது. புத்தகத்துல நாப்பத்திரண்டாம் பக்கம் பாருங்க. ஒரு குடியிருப்புக்கும் அடுத்த குடியிருப்புக்கும் நடுவுல நாலு பக்கமும் மூணடி எடம் விடணும். எங்க சுவருக்கும் அவரு வீட்டுக்கும் நடுவுல ஒரு தாளக்கூட சொருவ முடியாது.”

ஓமனா நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். இருந்தது. அவள் முகம் மலர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பக்கத்துக்கு இன்றுதான் ஒரு வேலை வந்திருந்தது.

“ஆக்கிரமிப்பு, சார்,” என்றாள் மெதுவாக.

“அப்போ மூணடி தள்ளி வைக்கணும்,” என்றார் பகவதிப்பெருமாள்.

“ரூம் பத்தடிக்கு ஒம்பதடி, சார்,” என்றாள் லீலாபாய். “அவரு வீடு ஆறடி அகலம். ரெண்டு பக்கமும் மூணு மூணடின்னா பன்னிரண்டு. ரூமுக்குள்ள கொள்ளாது. வெளியதான் கொண்டு போவணும்.”

பகவதிப்பெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு முன்னால் இரண்டு உண்மைகள் இருந்தன. சுவரலமாரியை அசைக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. மூன்றடி விடவேண்டும் என்பது அச்சடித்த உண்மை. எல்லாருக்கும் தெரிந்ததா, அச்சடித்ததா என்று வந்தால், முப்பத்தொரு வருடமாக அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“அசையாத வீட்ட அசைக்கிறதுக்கு உத்தரவு போடுதேன்,” என்றார்.

அதைப் பார்க்கப் பிரிவு முழுதும் வந்தது. நாற்பத்தொரு பேரும் பதினேழாம் எண் வீட்டு முற்றத்தில் நின்றார்கள். ஓமனா ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். செல்வமணி ஆசாரி வந்து, பீடியை அணைத்துவிட்டு, ஒரு ஸ்குரு டிரைவரோடு உள்ளே போனார். இருபது நிமிடத்தில் எட்டுத் திருகாணியையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்பத்தொரு பேரும் எட்டையும் எண்ணிப் பார்த்தார்கள்.

“நாத்தனாரோடது வேற மாதிரி,” என்றாள் ஓமனா கடைசியில்.

இடமாற்றத்தின்போதும் ஒதுக்கப்பட்டவர் வீட்டைவிட்டு விலகக்கூடாது என்றொரு விதி இருந்தது. ஆகவே நான்கு பேர் அலமாரியை நிமிர்த்தித் தூக்க, உள்ளே சொரிமுத்து தகரப்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் போன ஒரு பாதிரியார் சைக்கிளை நிறுத்திக் குருசு போட்டுக்கொண்டார். வீட்டு லைனுக்குப் பின்னால், பம்ப் ஹவுஸுக்குப் பக்கத்தில், நாலுபுறமும் மூன்றடிக்கு மேல் காலியிடம் இருந்தது. அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். விபின் டேப் பிடித்து, சரி என்றான். சொரிமுத்து கதவைத் திறந்து, தன் வீட்டைவிட்டு வெளியே வந்து, வானத்தைப் பார்த்தார். ஐப்பசி மழைக்கான துலாவர்ஷ மேகம் கூடியிருந்தது.

“தங்கச்சி, மழ வந்தா?” என்றார்.

“வரட்டும் அண்ணே. வந்தாத்தான் நல்லது. அம்பத்தஞ்சாம் பக்கம் இருக்கு,” என்றாள் லீலாபாய்.

புதிய வீடு கட்டக் கழகத்துக்கு அனுமதி இல்லை. ஆனால் இருக்கிற வீட்டைப் பராமரிக்காமல் விடக்கூடாது என்று ஐம்பத்தைந்தாம் பக்கம் கண்டிப்பாகச் சொன்னது. முதல் மழையில் 17/1 ஒழுகுகிறது என்று சொரிமுத்து புகார் எழுதினார். எழுதிக் கொடுத்தது லீலாபாய். பராமரிப்பின்கீழ் அதற்கு மேலே ஓடு போட்டார்கள். ஓடு நிற்கச் சுவர் வேண்டும் என்று நாலு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். சுவர் மூன்றடி தள்ளி இருக்கவேண்டும் என்பதால் உள்ளே நடமாட இடம் கிடைத்தது. விதி கேட்டபடி ஒரு ஜன்னல் வைத்தார்கள். காவலாளிக்குச் சமையலறை கிடையாது என்பதால் அது வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாய்ப்பு இறக்கி அதற்கு மழைநீர்த் தடுப்பு என்று பெயர் வைத்தார்கள். மாடம்மாள் ஊரிலிருந்து வந்து அங்கே அடுப்பு மூட்டினாள்.

அலமாரிக்கு அளவெடுத்து ஒரு வீடு செய்த பெருமை அந்தக் கழகத்துக்கே உரியது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை திறப்புவிழா. ரிப்பன், குத்துவிளக்கு, அண்டா நிறையப் பாயசம். சொரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, யாரைப் பார்த்தாலும் கைகூப்பினார். மாடம்மாள் லீலாபாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு, “வீட்டுக்குள்ளயே பச்ச கலர்ல ஒரு பீரோ வச்சுக் கட்டியிருக்காவ மைனி, எவ்வளவு நல்ல மனசு!” என்றாள்.

பகவதிப்பெருமாள் மைக்கைப் பிடித்தார்.

“சுவரலமாரியை வீட்டிலிருந்து பிரிக்க முடியாது என்று இந்தப் பிரிவு ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது. சிலர் நம்பவில்லை. இன்று உங்கள் கண்முன்னால் நிரூபித்திருக்கிறோம். அலமாரியை வெளியே வைத்தோம். வீடு தானாக அதைச் சுற்றி வந்துவிட்டது!”

கைதட்டல் ஓயவில்லை. அருமைநாயகமும் தட்டினான். லீலாபாய் அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

“வாங்க, போவோம்.”

“பாயசம் விளம்பல்லியே.”

“அவிய குடிக்கட்டும். நாப்பத்தொரு பேரும் இங்க நிக்கிறாவ. ஒருத்தனும் வந்து தட்ட மாட்டான்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கைதட்டலை நிறுத்தினான்.

படுக்கையறையில் கட்டில் பழைய இடத்துக்கு வந்திருந்தது. ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிய கதவு நிலையில் நின்றது. அலமாரி இருந்த சுவரில் எட்டுத் துளைகள். அவற்றில் இரண்டில் முளையடித்துக் கயிறு கட்டி, அவளுடைய சேலைகளையும் அவனுடைய சட்டைகளையும் போட்டிருந்தார்கள். போட இடம் போதாமல் பாதி கட்டிலில் குவிந்து கிடந்தது.

“ஆசாரிட்ட இன்னொண்ணு செய்யச் சொல்லட்டா?” என்றான் அருமைநாயகம். “இந்தத் தடவ எழுத மாட்டேன்.”

“எனக்கு வேண்டாம்பா,” என்றாள் லீலாபாய். குவிந்திருந்த துணியை இரண்டு கையாலும் அள்ளி, கதவுக்கு வெளியே முன்னறைப் பெஞ்சில் போட்டுவிட்டு வந்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள். தூரத்தில் ஒலிபெருக்கி, அடுத்ததாக ஓமனா மேடம் பேசுவார் என்றது.